குரங்குக்கும் ஓர் ஆராய்ச்சி மணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனுநீதிச் சோழன் கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட கதையை வைத்து, எல்லா உயிரும் சமம் என்று தமிழன் எப்போதோ சொல்லி முடித்துவிட்டான் என்ற பொருளில் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதை மறுத்துத் தஞ்சாவூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். பசித்த பிள்ளைகள் தெருவில் இருக்கும்வரை நாய்க்கும் குரங்குக்கும் வக்காலத்து வாங்குவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்கிறார் அவர். கட்டுரையாளர் எல்லாரையும் ஒரே படியில் நிறுத்துகிறார். தஞ்சாவூர் வாசகர் மனிதனை மேல்படியில் ஏற்றுகிறார். இருவரும் அளப்பது உயரத்தைத்தான். நான் வாழும் தீவில் இந்த உயரக் கணக்கு எந்தச் சண்டையையும் தீர்த்ததில்லை. ஏன் என்று சொல்லவே எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. வெட்டுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், என் அத்தை பேசும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் மொரிஷியஸ் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். வீடு குவாத்ர் போர்னில், கோர் தெ கார்ட் மலைக்குக் கீழே. தைப்பூசத்தன்று காவடிகள் ஏறும் அந்த மலையில்தான் குரங்குகளும் குடியிருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் என் மாமனார் வைத்த லிச்சி மரம் ஒன்று நிற்கிறது. நவம்பரில் காய் சிவக்கத் தொடங்கும். டிசம்பரில் தீவு முழுக்க லிச்சிதான். இரவானால் பழவௌவால்கள் வரும். சிறகை விரித்தால் முக்கால் மீட்டருக்கும் மேல் இருக்கும். கிளையில் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே தின்னும். தின்பதைவிடக் கடித்துப் போடுவது அதிகம். காலையில் பார்த்தால் தரையெங்கும் சப்பிய தோலும் கொட்டையும். அக்கம்பக்கத்தார் தகரம் தட்டுவார்கள், பட்டாசு கொளுத்துவார்கள். வௌவால்களுக்கு அது பழகிவிட்டது. தூக்கம் கெட்டது எங்களுக்குத்தான்.

இந்த வௌவால் இனம் உலகில் ஏறக்குறைய எங்கள் தீவில் மட்டுமே உண்டு. இதன் சிறிய உறவினமான இன்னொரு பழவௌவால் 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. 2015 அக்டோபரில் எங்கள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பாதுகாக்கப்பட்ட உயிரினமே ஆனாலும் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று வழி வைத்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அரசே ஆள் வைத்துச் சுட்டது. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் கொல்லப்பட்டவை ஏறக்குறைய 40,000. குட்டிகள் தாயின் மார்பைக் கவ்விக்கொண்டு திரியும் பருவம் அது. 2018இல் மறுபடியும் சுட்டார்கள். அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை, அழியும் அபாயத்தை அளவிடும் தன் சிவப்புப் பட்டியலில் இன்னும் மோசமான ஒரு படிக்கு இறக்கியது.

தஞ்சாவூர் வாசகர் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். வௌவாலைவிட மனிதன் மேல். வௌவால் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை, அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போடுவதில்லை, செத்த தாய்க்குத் திதி கொடுப்பதில்லை. சரி, நான் மேல். என் லிச்சிப் பழம் அதன் உயிரைவிட மேல் என்பது அதிலிருந்து எப்படி வந்தது? மேலானவள் நான்தானே, என் பழம் அல்லவே! மனிதனை உயரத்தில் வைப்பவர்கள், அவனோடு சேர்த்து அவனுடைய ஆசை, சோம்பல், செலவு மிச்சம் எல்லாவற்றையும் அதே உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். பல்லக்கில் ஏறியவரோடு அவர் செருப்பும் ஏறிக்கொண்ட மாதிரி.

எங்கள் தீவில் தராசின் ஒரு தட்டில் வௌவாலின் உயிர் இருந்தது. மறு தட்டில் இருந்தது மனித உயிர் அல்ல, வலையின் விலை. மரத்தை ஏணி எட்டும் உயரத்துக்குக் கவாத்து செய்து, தொய்வில்லாமல் இறுக்கி வலை கட்டினால் பழம் தப்பும். தொய்வாகக் கட்டினால் வௌவால் சிக்கிச் சாகும், அதையும் பார்த்திருக்கிறேன். வலைக்கு அரசு மானியமும் கொடுத்தது. ஆனால் என் தெருவில் இருப்பவை இரண்டு மாடி உயரத்துக்கு வளர்ந்த கொல்லைப்புற மரங்கள். அவற்றைக் கவாத்து செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. லிச்சியை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயி என்னைப் போன்றவரல்ல என்பதும் தெரியும். கடன் வாங்கி உரம் போட்டு, விமானத்தில் பிரான்சுக்குப் போக வேண்டிய பழம் ஓரிரவில் தரையில் கிடந்தால் அவர் வயிறு எரியத்தான் செய்யும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் போய்ச் சேர வேண்டியது வலையும் இழப்பீடும். சுட்டதால் அவருக்கு என்ன கிடைத்தது? கொன்ற பிறகும் பழ விவசாயிகளின் லாபம் உயரவில்லை என்று எங்கள் நாட்டு ஆய்வாளர்களே எழுதினார்கள். பழத்தைக் கெடுப்பதில் பறவைக்கும் காற்றுக்கும் பங்குண்டு. கனிந்து தானாக உதிர்வதும் உண்டு. தீவில் மிச்சமிருக்கும் கொஞ்சம் நாட்டு மரக்காட்டுக்கு விதை தூவுவதும் இந்த வௌவால்தான். அந்தத் துப்பாக்கிச் சூட்டால் பசித்த பிள்ளை எதற்கும் ஒரு வேளைச் சோறு கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இடையில் ஒன்று. காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து, மீன் வாடைகூட ஆகாது என்று தனிச் சட்டி வைத்துச் சமைத்து, ஏழு கறியோடு இலை போடுகிற எங்கள் உறவினர் ஒருவர்தான் தெருவில் முதலில் ‘சுட்டுத் தள்ளினால் என்ன?’ என்றவர். விரதம் நம் வயிற்றுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

குரங்கு விஷயம் இவ்வளவு சுலபமானதல்ல. அதனால்தான் அத்தையைக் கூப்பிடுகிறேன்.

1955 தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்ட குரங்குகள் நூற்றுக்கணக்கில் லண்டன் விமான நிலையத்தில் மூச்சு முட்டி இறந்தன. இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவ ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று வாங்கியவர்கள் உறுதி கொடுத்த பிறகு மீண்டும் அனுமதித்தது. பின்னர் அமெரிக்காவில் அந்தக் குரங்குகள் ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்குப் பயன்பட்டது தெரிய வந்தது. 1978இல் இந்தியா ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. இதைப் பெருமையாகச் சொல்லும் தமிழ்நாட்டு நண்பர்கள் எனக்கு உண்டு. இந்தியா மூடிய கதவுக்கு எதிரே எங்கள் தீவு ஒரு கதவைத் திறந்தது என்று அவர்களிடம் சொல்வேன். 1980களிலிருந்து இங்கே நீளவால் குரங்குகளைக் காட்டில் பிடித்தும் பண்ணைகளில் வளர்த்தும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். அண்மைக் காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். மனிதரைக் கொல்லக்கூடிய ஹெர்பெஸ் பி கிருமி எங்கள் குரங்குகளிடம் இல்லாததால் அவற்றுக்குச் சந்தையில் தனி மதிப்பு. 2020இல் சீனா காட்டு விலங்கு ஏற்றுமதியை நிறுத்தியதும் மதிப்பு இன்னும் ஏறியது. 2022இல் ஏர் பிரான்ஸ் நிறுவனம் இனிக் குரங்குகளை ஏற்றுவதில்லை என்று அறிவித்தது. குரங்குகள் வேறு விமானங்களில் போகின்றன.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தம்பி மகள், பாலும் தொடாதவள், இந்த ஏற்றுமதியை நிறுத்தக் கோரும் மனுவோடு வீட்டுக்கு வந்தாள். முதல் வாக்கியம்: ‘எந்த நோக்கத்துக்காகவும் எந்த விலங்கையும் சோதனைக்குப் பயன்படுத்துவது கொலையே.’ நான் பேனாவை எடுப்பதற்குள் என் அத்தை கையை நீட்டினார். அத்தை 1945இல் இந்தத் தீவை வாட்டிய போலியோவில் இடது காலை இழந்தவர். இழந்தவர் என்றால் கால் இருக்கிறது, நடக்காது. அந்த ஆண்டில் ஆயிரத்தை ஒட்டிய பேர் இங்கே நோயில் விழுந்தார்கள். ரோஸ் ஹில்லில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் அத்தையை உட்காரவைத்துவிட்டுத்தான் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பத்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் சால்க் தடுப்பூசி வந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வழியெல்லாம் குரங்குகள் செத்தன. மருந்துக்கான கிருமியை வளர்த்ததும் குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான்.

அத்தை மனுவைப் படித்துவிட்டு, “இதை எழுதிய பிள்ளைக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறதல்லவா?” என்றார்.

தம்பி மகள் விடவில்லை. “பாட்டி, இன்று போகும் குரங்குகள் போலியோவுக்குப் போகவில்லை. பெரும்பாலும் புதிய மருந்து எவ்வளவு கொடுத்தால் நஞ்சாகும் என்று பார்க்கத்தான். அமெரிக்காவிலேயே 2022 கடைசியில் சட்டத்தை மாற்றி, விலங்குச் சோதனை கட்டாயமில்லை, வேறு வழியில் நிரூபித்தாலும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். 2025இல் சில வகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைப்பதாக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அறிவித்திருக்கிறது” என்றாள்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் இந்த வாக்கியத்தை அடி. எந்த மருந்துக்கு, ஏன் குரங்கு இல்லாமல் முடியாது என்று ஒவ்வொரு தடவையும் கேள் என்று எழுது. என் காலைக் காட்டி ஒரு குரங்கைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என் காலைக் காட்டிக் காலத்துக்கும் வாங்கிக்கொள்ள நான் எழுதிக் கொடுக்கவில்லை” என்றார்.

எங்கள் வீட்டில் தத்துவம் படித்தவர் யாருமில்லை. அறம் பற்றிப் புத்தகங்களில் வரும் புதிர்களை என் தம்பி மகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: வீடு தீப்பற்றினால் குழந்தையைக் காப்பாயா, பூனையைக் காப்பாயா, படகு மூழ்கினால் யாரைத் தள்ளுவாய். குழந்தையைத்தான் காப்பேன், இதில் என்ன யோசனை? ஆனால் எங்கள் தெருவில் எந்த வீடும் தீப்பற்றவில்லை. கரும்புக்காட்டு ஓரத்தில் ஒருவர் கூண்டு வைத்தார், இன்னொருவர் விலை பேசினார், மூன்றாமவர் அனுமதிச் சீட்டில் முத்திரை குத்தினார். எல்லாம் பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல், சம்பளத்துக்கு நடந்தது. ஆபத்து நேரத்தில் யாரைக் காப்போம் என்பதை வைத்து, ஆபத்தில்லாத நேரத்தில் யாரை விற்கலாம் என்று முடிவு கட்ட முடியாது. அத்தையின் கேள்வி எனக்குச் சரியாகப் படுவது அதனால்தான். தேவை உண்மையானதா? உண்மையானால் வேறு வழி உண்டா? இல்லையென்றால் எத்தனை போதும், எவ்வளவு குறைந்த வலியோடு? இதைப் பண்ணைக்கு மொத்தமாக ஒருமுறை கேட்டால் போதாது; ஒவ்வொரு கூண்டுக்கும் கேட்க வேண்டும்.

எங்கள் குரங்குகளுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் உண்மை இல்லாமல் இல்லை. அவை இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டவை. 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைகள் அளவுக்குக் குறைந்து, பெரும்பாடுபட்டு நூற்றுக்கணக்காகப் பெருக்கப்பட்ட இளஞ்சிவப்புப் புறாவின் கூட்டைக் குரங்கு சூறையாடுகிறது, முட்டையைத் தின்கிறது. புறாவைக் காக்க அங்கங்கே குரங்கைப் பிடித்தாக வேண்டும் என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குரங்குக்கும் வசூலிக்கும் கட்டணம் நெடுங்காலமாக இயற்கைப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. அதாவது, குரங்கை விற்ற காசு புறாவுக்கும் உதவுகிறது! ஆனால் ‘வந்தேறி விலங்குதானே’ என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. என் பாட்டனுக்குப் பாட்டனும் கப்பலில் வந்தவர்தான். புறா அருகிப்போனதற்காகக் குரங்கைப் பிடிப்பது வேறு. வந்தேறி என்பதால் அதன் வலி கணக்கில் வராது என்பது வேறு. கங்கைத் தலாவ் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். அனுமனின் உறவு என்று அதே இனக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிப் படமெடுத்துக்கொள்கிறோம். ஏரிக்கரையில் தெய்வம், கரும்புக்காட்டில் தொல்லை, விமானத்தில் சரக்கு. மூன்று இடத்திலும் ஊசி குத்தினால் அதற்கு ஒரே மாதிரிதான் வலிக்கும்.

படிநிலையை யார் எழுதுகிறார்கள் என்பதை இந்தத் தீவில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. 1723இல் பிரெஞ்சு அரசு எங்கள் தீவு அடங்கிய மஸ்கரீன் தீவுகளுக்கு அனுப்பிய அடிமைச் சட்டம், அடிமையை மேசை நாற்காலியைப் போல அசையும் சொத்து என்றது. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி இங்கே அடிமை முறை ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசு கொடுத்த இழப்பீடு இருபது லட்சம் பவுனுக்கும் மேல். அது முழுவதும் உரிமையாளர்களுக்கே போனது. விடுதலையானவர்கள் ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் இன்னும் சில ஆண்டுகள் அதே முதலாளியிடம் வேலை செய்தார்கள். 2026இல் தைப்பூசமும் அதே பிப்ரவரி 1ஆம் தேதி வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடுமுறை. அடிமையையும் குரங்கையும் நான் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்டால், அடிமைகளின் வழிவந்த என் கிரியோல் அண்டை வீட்டார் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. சட்டம் எழுதியவனைப் பற்றித்தான் சொல்கிறேன். யாருக்கு எந்தப் படி என்ற பட்டியலை, அந்தப் பட்டியலால் லாபம் பெறுகிறவனே எழுதினான். இன்றும் குரங்கு தேவையா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்பவர் குரங்கை விற்பவரும் வாங்குபவரும்தான்.

இனி மனுநீதிச் சோழனுக்கு வருகிறேன். கட்டுரையாளர் தேரைப் பார்க்கிறார். எனக்கு அந்தத் தேரில் மனம் ஒட்டவில்லை. தெரியாமல் செய்த பிள்ளையைக் கொன்றதால் பசுவுக்கு என்ன கிடைத்தது? கன்றும் பிள்ளையும் பிழைக்க இறைவனே இறங்கி வர வேண்டியிருந்தது. அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணி. ஒரு பசு வந்து இழுத்தது, அரசன் எழுந்து வந்தான், ‘நீ மாடுதானே’ என்று சொல்லாமல் விசாரித்தான். மணிக்கயிற்றைப் பசுவின் வாய்க்கு எட்டுமாறு தொங்கவிட்டவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. உயரம் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் அந்தக் கயிற்றின் உயரத்தைப் பற்றிப் பேசுவோம். சிபியையும் துணைக்கு அழைக்கலாம். பருந்துக்குப் பசி, புறாவுக்கு உயிர். இரண்டில் எது மேல் என்று அவன் பட்டிமன்றம் வைக்கவில்லை. தராசில் தன் தொடைச் சதையை வைத்தான், அடுத்த வீட்டுக்காரனுடையதை அல்ல.

கயிறு கட்டுவது புராணத்தில் மட்டும் நடக்கும் காரியமல்ல. தென்னாப்பிரிக்காவில் 2010இல் சடங்குக்காக இரண்டு ஒட்டகங்கள் கொல்லப்பட்ட விதம் கொடுமையானது என்று விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் புகார் செய்தது. அரசுத் தரப்பு வழக்குத் தொடர மறுத்துவிட்டது. சங்கம் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. 2016 டிசம்பரில் நீதிபதி கம்பெபே எழுதிய ஒருமனதான தீர்ப்பு, அந்தச் சங்கம் தானே வழக்குத் தொடரலாம் என்றது. உங்கள் ஜல்லிக்கட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2014இல் ஒரு பக்கமும் 2023இல் மறு பக்கமும் சாய்ந்தது. எது சரி என்று கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அலங்காநல்லூரிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும், சொல்லப்போவதில்லை. இரண்டு தடவையும் காளையின் பக்கம் நின்று பேச அங்கே ஆள் இருந்தார் என்பதை மட்டும் கவனிக்கிறேன். எங்கள் நாட்டிலும் 2013ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. நாயை அடிப்பவனுக்கு அது போதும். ஏற்றுமதி அனுமதி கொடுக்கும் மேசையில் குரங்கின் பக்கம் ஒரு நாற்காலி வேண்டும். எந்த மருந்துக்காக, எத்தனை, வேறு வழி ஏன் இல்லை என்று அனுமதிச் சீட்டிலேயே எழுதி ஊர் அறிய வெளியிட வேண்டும். தேவை உண்மையானால் எழுதுவதில் என்ன சிரமம்?

அத்தை சொன்னபடி முதல் வாக்கியத்தை அடித்து, புதியதை எழுதி, முதல் கையெழுத்தை அவரே போட்டார். அடுத்தது நான். இப்போது அந்த மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று தம்பி மகள் அலைந்துகொண்டிருக்கிறாள். விலங்கு என்பதால் விவசாயத்தில் கொடு என்கிறார் ஒருவர். காட்டிலிருந்து பிடித்தது என்பதால் வனத்துறை என்கிறார் இன்னொருவர். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு என்பதால் வணிகத்தில் கேட்டுப் பார் என்கிறார் மூன்றாமவர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
குவாத்ர் போர்ன், மொரிஷியஸ்